அம்மாவின் குத்தூசியைத் திருப்பி அனுப்புவது குறித்து

அடர்ந்த கொண்டைக்கும் அதைவிட அடர்ந்த பிடிவாதத்துக்கும் சொந்தக்காரியான என் உடன்பிறந்த தங்கைக்கு, உன்னைவிட மூன்று வயது மூத்த அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மருமகளும் இரண்டு ஆடுகளும் நலம். அங்கே நீ நலமா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதிவிடாதே. உன் முழங்கால் வலி, உன் கூரை ஒழுகுவது, உன் பிள்ளை உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் படகுக்காரர் சொல்லி எனக்குத் தெரியும். நான் விசாரிப்பதாக நினைக்காதே. அவராகவே சொல்கிறார். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் கை வேலையாக இருக்கிறது.

இது உறவு கொண்டாட எழுதுகிற கடிதம் இல்லை. ஒரே ஒரு காரியம்தான். அம்மாவின் குத்தூசியைத் திருப்பி அனுப்பு. மரப்பிடி போட்டது. பிடியில் அம்மாவின் கட்டைவிரல் அழுந்தி அழுந்தி ஒரு பள்ளம் விழுந்திருக்குமே, அது. எந்த ஊசி என்று தெரியாதவள் போல முழிக்காதே, இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. ஒரு துணியில் சுற்றி, முனை யாரையும் பதம் பார்க்காதபடி படகுக்காரரிடம் கொடுத்தனுப்பு. சனிக்கிழமைக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். ஊசி மட்டும் வந்தால் போதும். நீ வர வேண்டியதில்லை.

நடந்ததெல்லாம் உனக்கு மறந்திருக்கும். உனக்கு மறதி சௌகரியம். எனக்கு அந்த வரம் இல்லை. அம்மா போன மறு வாரம், செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் மழை விட்டிருந்தது. குத்தூசி சமையலறை ஜன்னல் விளிம்பில், விளக்கெண்ணெய் டப்பாவுக்கு இடது பக்கம் இருந்தது. இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். நீ ஆற்றுக்கு மேல்பக்கம் உன் வீட்டுக்காரரோடு நிரந்தரமாகக் குடிபோவதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். காய்கறி வியாபாரிக்காக நீ போட்டு வைத்த கூடை அடிவட்டங்கள் முப்பத்தேழு தரையில் பரப்பிக் கிடந்தன. எலி கடித்துவிடுமே என்று மூத்தவளுக்குத்தான் கவலை. நானே பரணில் ஏறி, அப்பாவின் பழைய பாய்மரத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் துளை போட்டு, கயிறு கோத்து, உன் முப்பத்தேழு வட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நீ ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, "அக்கா, அம்மாவோட குத்தூசிய நான் எடுத்துக்கறேன். நீ அடிவட்டம் போடுறதே இல்லையே, உனக்கு எதுக்கு?" என்றாய். இறங்கி வந்து பார்க்கிறேன், ஜன்னல் விளிம்பு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. "எடுத்துட்டியா? நான் சரின்னு சொல்றதுக்குள்ள எடுத்துட்டியா?" என்றேன். "நான் தொடவே இல்லக்கா. காலைல உன் கைலதான் இருந்துச்சு" என்றாய். என் கையிலாம்! செய்வதையும் செய்துவிட்டு என் கையைச் சொன்னாயே, அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அப்புறம் படித்துறையில் ஊரே பார்க்க உன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாய். இரண்டு மாற்றுத் துணி, ஒரு சீப்பு, பல் உடைந்த இன்னொரு சீப்பு, அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு, அரை ரொட்டி. ஊசி இல்லை. கூட்டத்தில் நான்தான் கேட்டேன், "பையில இருக்காது. கொண்டையப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று. ஆமாம், கேட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிரிக்கவில்லை. "இனிமே இந்தப் படியில என் கால் படாது" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினாய். மடியில் கனமில்லாதவள் கொண்டையைப் பிரித்துக் காட்டிவிட்டுப் போயிருப்பாள் என்று நான் முப்பத்தொரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லத்தான் நான் விட்டதில்லை.

எல்லாம் அம்மா செய்த வேலை. போனவளைக் குறை சொல்லக்கூடாதுதான், ஆனால் அவள் என்னையும் நிறையச் சொல்லியிருக்கிறாள். உன்னை அடிவட்டத்துக்கும் என்னைச் சுவருக்கும் என்று பழக்கினாள். நாலு குச்சியின் நடுவில் குத்தூசியால் துளைத்து, இன்னும் நாலு குச்சியை அதற்குள் நுழைத்து, கணக்குப் புத்தகத்துக் கூட்டல் குறி போல வைத்து, நீ உன் பீச்சாங்கையால் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு என்னிடம் தள்ளுவாய். நான் அதில் நிற்கும் குச்சிகளைச் செருகிச் சுவர் எழுப்பி, விளிம்பு கட்டி முடிப்பேன். "எனக்கும் ஆரம்பிக்கச் சொல்லிக் குடும்மா" என்று ஒருதடவை கேட்டேன். எனக்குப் பதினொரு வயது. அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஒருத்திக்கு ஆரம்பிக்கத் தெரியணும், ஒருத்திக்கு முடிக்கத் தெரியணும். அப்பத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பீங்க." இருந்தோம், பார்த்தாயா, எவ்வளவு ஒன்றாக. நீயும் அங்கே போய்ச் சுவரே இல்லாத தட்டுகளாகப் போட்டுச் சந்தையில் விற்பதாகப் படகுக்காரர் சொன்னார். முப்பத்தொரு வருஷமாக நீயும் ஒரு முழுக் கூடை செய்யவில்லை. கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு ஏன் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை. வயிற்றுக் கோளாறாக இருக்கும்.

சரி, இப்போது ஊசி எதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் ஊருக்குக் கலை வந்தது. அதற்கு முன்னால் இங்கே வேலைதான் இருந்தது. படித்துறையில் விசில் ஊதிக்கொண்டிருந்தாரே ஒருவர், படகு கிளம்பும் நேரத்தில், அவர்தான் இப்போது ஊர்ச் சுற்றுலாக் குழுவுக்குத் தலைவர். ஊருக்கு இன்னும் அவர் விசில்தான். சுற்றுலாக்காரர்கள் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற காலம் முடிந்துவிட்டதாம், இனிமேல் வருகிறவர்கள் நம் வீட்டில் தங்கி, நம்மோடு உட்கார்ந்து, கையால் ஏதாவது செய்து பழகிவிட்டுப் போவார்களாம். வீட்டுக்கு ஒரு கலை இருந்தே தீர வேண்டும் என்று வாசல்தோறும் ஒரு தாளை நீட்டினார். எதிர்வீட்டு வலைக்காரரைத் தெரியுமல்லவா, வாழ்நாளில் ஒரு வலையை ஒழுங்காகச் சுருட்டி வைக்காதவர். அவர் வீட்டில் என்ன கலை தெரியுமா? சிக்கலான வலையைப் பிரிக்கிற கலை. பட்டணத்திலிருந்து வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து அவர் வலையை எல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று அவர் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். அவர் அடுத்த கூட்டம் வருவதற்குள் உட்கார்ந்து மறுபடியும் சிக்கலாக்குகிறார். அதுதான் அவர் இந்த வயதில் கற்றுக்கொண்ட ஒரே தொழில்.

என் பிள்ளை கப்பலில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு மாதம் முகத்தைக் காட்டுவான். வீட்டில் நானும் மருமகளும்தான். அந்தப் பெண் தானே செங்கல் சுமந்து பின்பக்கம் விருந்தாளிகளுக்கென்று இரண்டு அறை கட்டியிருக்கிறாள். கையெல்லாம் காப்புக் காய்த்திருக்கிறது. தாளை வைத்துக்கொண்டு என்னிடம், "அத்தை, உங்களுக்குக் கூடை பின்னத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். அது பொய்யில்லை. முக்கால் கூடை தெரியும். அவள் முழுக்கூடை என்று எழுதிவிட்டாள். பெரிய பலகையில் எழுதி வாசலில் அடித்தும் ஆயிற்று. ஒரு பலகையை ஆணி அடித்தபிறகு எப்படி மாற்றுவது?

அன்றைக்குத்தான் பரணில் ஏறினேன். ஏழு முடிச்சில் ஒன்றைத் தளர்த்திக் கையை விட்டு மேலேயிருந்து ஒன்றை எடுத்தேன். எலி தொடவில்லை, பூச்சி தொடவில்லை. ஒரு பகல் ஆற்றில் ஊறப்போட்டதும் நேற்று வெட்டிய பிரம்பு மாதிரி வளைந்து கொடுத்தது. அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வட்டம் எடுத்துக் கொடுத்தேன். உன் வேலையில் ஒரு குறையாவது சொல்ல முடியுமா என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த எரிச்சல் வேறு.

அவர்கள் கேட்பார்கள், "இந்த அடி எப்படிப் போடணும் பாட்டி?" "அது கடைசிப் பாடம்" என்பேன். மூன்று நாள் தங்குகிறார்கள், கடைசிப் பாடத்துக்குள் படகு வந்துவிடும். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். நடுவில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. முதுகு சாய்க்க என் நாற்காலி இருக்கிறது, அதில் உட்காரக்கூடாதாம், படத்தில் நன்றாக வராதாம், ஒரு சாண் உயர முக்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டும். பிரம்பு ஊறப்போடுகிற பிளாஸ்டிக் வாளியை ஆள் வரும்போதெல்லாம் ஆட்டுக் கொட்டிலில் ஒளித்துவிட்டு, ஒழுகுகிற மரத்தொட்டியை எடுத்து வைக்கிறார்கள். "அத்தை, சிரிங்க, படம் எடுக்கறாங்க" என்கிறாள் மருமகள். பல் இருக்கிற பக்கமாக நிற்கச் சொல், சிரிக்கிறேன் என்றேன். ஒரு பெண் பிரம்பை வெட்டுவதற்கு முன் அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். இன்னொருவர், தாடி வைத்தவர், வேற்றுமொழிக்காரர், பின்னும்போது நான் மனசில் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். உன்னைத்தான் நினைக்கிறேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திட்டு, இருபத்திரண்டு சுற்றுக்கு இருபத்திரண்டு திட்டு என்று. மருமகள் அதை அவர் மொழியில், "குடும்பத்தை நினைக்கிறாங்களாம்" என்று மாற்றிச் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டையும் அவர் எழுதிக்கொள்ளாமல் போனது நல்லதாயிற்று.

போன மாதம் பரணைத் தடவிப் பார்த்தபோது மூன்றே வட்டம்தான் மிச்சம் என்று தெரிந்தது. பயந்துபோய் நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். குத்தூசி இல்லாத கொடுமையால் சமையல் கத்தியால் குச்சியைக் கிழித்தேன், கட்டைவிரலும் சேர்ந்து கிழிந்தது. முள்கரண்டியின் ஒரு பல்லை நிமிர்த்தித் துளைத்தேன், கரண்டிக்கு மூன்று பல்தான் மிச்சம். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டுத் துளைத்தேன், மருமகள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடி வந்தாள். கடைசியில் வட்டம் மாதிரி ஒன்று வந்தது. பார்த்தால் சாணியில் மாடு மிதித்த மாதிரி இருந்தது, ஆனால் வட்டம். அதை அந்தத் தாடிக்காரரிடம் கொடுத்தேன். அவர் அழகாகச் சுவர் எழுப்பினார், நான் சொல்லிக் கொடுத்த சுவர் ஆயிற்றே. கிளம்பும்போது தன் காமிரா, செருப்பு, பாதி ஆப்பிள் எல்லாவற்றையும் அந்தக் கூடையில் போட்டுக்கொண்டு படகுப் பலகையில் நடந்தார். நடுவில் போகும்போது அடி கழன்றது. எல்லாம் ஆற்றில். அவர் கையில் வெறும் சுவர்தான் நின்றது, ஒரு பக்கமாகப் பார்த்தால் மறுபக்கம் ஆறு தெரிந்தது. படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். உன்னிடமும் வந்து சொல்லியிருப்பார், நீயும் சிரித்திருப்பாய், எனக்குத் தெரியும்.

நான் போலீஸ் வரும் என்று நினைத்தேன். கடிதம்தான் வந்தது. எதையும் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளாதே என்று நான் அவருக்குக் கற்றுக் கொடுத்தேனாம். வாழ்க்கையே மாறிவிட்டதாம். அந்த அடியில்லாக் கூடையைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். நான், தங்கச்சி! ஒரு ஊசியை முப்பத்தொரு வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிற நான்! விசில் அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் படித்துறையில் மாட்டிவிட்டார். அடியில்லாத கூடைதான் வேண்டும் என்று இப்போது நாலு பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "செஞ்சு குடுங்கம்மா, அதுல என்ன கஷ்டம்?" என்கிறார் விசில். கூடை பின்னிப் பிழைத்த வீட்டில் பிறந்தவள், அடியில்லாத கூடையை எந்த முகத்தோடு செய்து கொடுப்பேன்? ஓட்டை என்றால் ஓட்டை என்று சொல்ல இந்த ஊரில் ஆளில்லாமல் போய்விட்டது. முன்பு நீ இருந்தாய், முகத்துக்கு நேரே சொல்வாய்.

அத்தோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பழைய படகுக் கொட்டகையைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அதற்குச் சாமான் பொறுக்க ஒரு அம்மாள் வந்தாள். தடித்த கண்ணாடி, பேச்சுக் குறைவு. எல்லாரும் கூடையின் சுவரைத் தடவி ஆகா ஓகோ என்பார்கள். இவள் வந்ததும் கூடையைக் கவிழ்த்தாள். கவிழ்த்துப் போட்டு அடியையே அவ்வளவு நேரம் பார்த்தாள். மூன்று நாள் உழைத்துச் சுவர் எழுப்பியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், இவள் அடியைப் பார்க்கிறாள். பிறகு சொன்னாள், "இது ரெண்டு பேர் கை. அடி இடப்பக்கமா சுத்துது, சுவர் வலப்பக்கமா சுத்துது. அடி போட்டவங்க இடதுகைக்காரங்க. யாரும்மா அவங்க?"

தங்கச்சி, இந்த வீட்டில் முப்பத்தொரு வருஷமாக யாரும் உன்னைக் கேட்டதில்லை. நான் கூடையை நிமிர்த்தி வைக்கப் போனேன். அதற்குள் மருமகள், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "எங்க அத்தைக்கு ரெண்டு கையும் வரும்" என்று ஒரு போடு போட்டாள். அவ்வளவுதான். விசில் துள்ளிக் குதித்தார். "அப்ப தொறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டட்டும்! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்! மொதல்ல இடதுகை, அப்புறம் வலதுகை!" என்றார். கண்ணாடி அம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. நம்பாதவள் ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதிகாரிகள், படம் பிடிக்கிறவர்கள், மேல்கரை கீழ்கரை ஊர்க்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். நடுவில் என்னை முக்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள். இப்போதே ஒரு கூடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் அட்டையில், 'ஒரே பெண்மணியின் இரு கைகள். ஆற்றின் போக்கும் வரத்தும்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு எங்கே திரும்பி வருகிறது? எழுபத்து நாலு வருஷமாகப் பார்க்கிறேன், போய்க்கொண்டேதான் இருக்கிறது. எனக்கு அடிவட்டம் போட வராது என்று தெரிந்தால் வாசல் பலகையைக் கழற்றிவிடுவார்கள். பலகை போனால் அந்தப் பெண் கட்டிய இரண்டு அறையிலும் ஆடுதான் தங்கும். அவளுக்கு இன்னும் தெரியாது. "அத்தை இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்று நேற்றுகூட வாசல் தெளித்துக்கொண்டே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறாள் என்பதே எனக்குப் புதிது, அதுவும் இந்தச் சமயத்தில் வந்து தொலைத்தது.

பரணில் இன்னும் ஒரே ஒரு வட்டம். ஆகையால் ஊசியை அனுப்பு. எனக்கு அடிவட்டம் வராமல் போனதற்கு ஊசி இல்லாதது ஒன்றுதான் காரணம், வேறு காரணம் எதுவும் இல்லை. ஊசி கைக்கு வந்தால் சனிக்கிழமை ஒரு பகலில் பழகிவிடுவேன். நீ ஆறு வயதில் கற்றது எனக்கு எழுபத்து நாலில் வராதா? நீ அனுப்பாவிட்டால், அன்றைக்குக் கொண்டையைப் பற்றி நான் சொன்னது உண்மை என்று நீயே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன். நீ அனுப்பினாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். ஊசி உன்னிடம் இருந்தால்தானே அனுப்ப முடியும்? ஆக எப்படிப் பார்த்தாலும் நான்தான் ஜெயித்தேன். அதை மனசில் வைத்துக்கொண்டு பொட்டலம் கட்டு.

மூத்தவள் என்ற கடமைக்கு முடிக்கும்போது நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். உன் முழங்கால் நீட்டி மடக்க வரட்டும். உன் கூரை இந்த மழைக்காவது ஒழுகாமல் இருக்கட்டும். உன் பிள்ளை உன்னோடு பேசட்டும், பேசினால் நல்லதாகப் பேசட்டும். உனக்கு என் வயது வரட்டும், வந்தால் தெரியும்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டு முப்பத்தொரு வருஷம் ஆன,
அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடைசி வட்டத்தை ஊறப்போட்டுவிடலாம் என்று பரணில் ஏறினேன். மருமகள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிச்ச முடிச்சையும் அவிழ்த்து வட்டத்தைத் தூக்கினேன். அதற்குக் கீழே பாய்மரத் துணியில் குத்தூசி கிடக்கிறது.

பிடியில் பள்ளம் இருக்கிறது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அம்மாவுடையதுதான். துணியின் நாலு மூலைக்கும் துளை போட்டுவிட்டு நான்தான் அங்கேயே வைத்திருக்கிறேன். வைத்துவிட்டு அதன்மேல் உன் முப்பத்தேழையும் நானே அடுக்கியிருக்கிறேன். காலையில் என் கையில்தான் இருந்தது என்று நீ சொன்னாய். இருந்திருக்கிறது.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னாச்சு அத்தை? எலியா?" என்றாள் மருமகள். எலி இல்லை என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

இறங்கி வந்து அதை வைத்து மூன்று குச்சி துளைத்துப் பார்த்தேன். மூன்றும் நீளத்துக்குப் பிளந்துகொண்டன. ஆக ஊசியும் காரணமில்லை.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடலாம் என்றால், மூன்றாம் வகுப்போடு நின்றவள் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது, மனசு வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன். எந்தெந்த வரி வேண்டாமோ அதை நீயே அடித்துக்கொள். கொண்டையைப் பற்றி எழுதியதை முதலில் அடி.

சனிக்கிழமை பத்து மணிப் படகில் முன்பக்கம் உனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். படியில் கால் படாது என்று சொல்லிவிட்டுப் போனாய். படகைப் படிக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பலகை போட்டு உன்னைக் கரையில் இறக்கச் சொல்கிறேன், உன் வார்த்தையும் கெடாது. அன்றைக்குப் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் வரச் சொல்லப்போகிறேன். அன்றைக்கு நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அவ்வளவு சத்தமாக இதையும் சொல்ல வேண்டும், தொண்டை இருக்கிறதா பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு முக்காலி கேட்டிருக்கிறேன். அந்த அட்டையை மாற்றி எழுதுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். விசில் ஏன் என்று கேட்டார். கண்ணாடி அம்மாள் கேட்கவில்லை.

கை மட்டும் வந்தால் போதும், ஊசி இங்கே இருக்கிறது. கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வா.